வண்டி இழுக்கிறதா? டேஷ்போர்டில் வைக்கும் முடுக்கமானி எதை அளக்கிறது

"வண்டி முன்ன மாதிரி இழுக்கலைண்ணே" என்று சொல்லிச் சாவியைக் கொடுக்கிறோம். மெக்கானிக் அண்ணன் மெயின் ரோடு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "நல்லாத்தான தம்பி இழுக்குது" என்கிறார். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இருவரும் அளப்பது முதுகால். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இருக்கை நம் முதுகை எவ்வளவு அழுத்துகிறது என்பதைத்தான் நாம் பிக்கப் என்கிறோம், இழுவை என்கிறோம். முதுகு நல்ல கருவிதான். போன மாதம் எவ்வளவு அழுத்தியது என்று அதற்கு நினைவிருக்காது, அவ்வளவுதான் குறை. முதுகு உணர்வதை எண்ணாக மாற்றித் தருவது முடுக்கமானி.

முடுக்கமானி ஒன்று ஏற்கெனவே பல கார்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பின்பார்வைக் கண்ணாடியில் கட்டிய சின்ன முருகன் வேல் அல்லது மணிமாலையைப் பாருங்கள். வண்டி சீரான வேகத்தில் போனால் நேராகத் தொங்கும். வேகம் கூடும்போது பின்னால் சாயும், பிரேக் போட்டால் முன்னால் பாயும். எவ்வளவு சாய்கிறது என்பதில் கணக்கு இருக்கிறது. புவி ஈர்ப்பின் கால் பங்கு அளவுக்கு வண்டி முடுக்கினால் வேல் 14 டிகிரி சாயும். ஈர்ப்பில் பத்தில் எட்டுப் பங்கு அளவுக்குப் பிரேக் பிடித்தால் 39 டிகிரி வரை முன்னால் எழும்பும். ஒரு பாகைமானியைப் பின்னால் ஒட்டிவிட்டால் அதுவே கருவி.

இந்த ஈர்ப்பு அளவைத்தான் ஜி என்கிறார்கள். 1 ஜி என்றால் விநாடிக்கு விநாடி 9.81 மீட்டர். கார் ஓட்டுகிறவர்கள் பாஷையில் சொன்னால், ஒவ்வொரு விநாடியும் மணிக்கு 35 கி.மீ. வேகம் கூடுவது. நம் ஊரில் ஓடும் சாதாரண ஹேட்ச்பேக் ஒன்று 12 விநாடியில் 100 கி.மீ. வேகத்தைத் தொடுகிறது என்று வைத்துக்கொண்டால், அதன் சராசரி முடுக்கம் 0.24 ஜி. முதல் கியரில் இதைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கும், நான்காவதில் மிகக் குறைந்துவிடும்.

தொங்கும் எடையை வைத்துக் காரை அளக்கலாம் என்ற யோசனை பழையது. பிரிட்டனில் டாப்லி மீட்டர் என்ற கருவி பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தது. உள்ளே நுட்பமாகச் சமன் செய்த ஊசல் ஒன்று, அதன் அசைவைப் பெருக்கிக் காட்டும் பல்சக்கரங்கள், அதிர்வை அடக்க உள்ளே நிரப்பிய திரவம். இவ்வளவுதான். அந்நாட்டின் 'தி மோட்டார்' இதழ் தன் சாலைச் சோதனைகளில் ஒவ்வொரு காருக்கும் டாப்லி எண் என்று ஒன்றைப் போட்டது. அதன் அலகு, ஒரு டன் எடைக்கு எத்தனை பவுண்டு இழுவை என்பது. நம் பட்டறைகளில் சொல்லும் அதே இழுவைதான். பிரிட்டிஷ் டன் 2,240 பவுண்டு, ஆகவே டன்னுக்கு 224 பவுண்டு என்றால் 0.1 ஜி. அந்த வண்டி அதே கியரில், அதே வேகத்தில், பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தை வேகம் குறையாமல் ஏறும் என்பதும் அதே எண்ணிலிருந்து கிடைத்துவிடும்.

ஒரே எண் எப்படி முடுக்கத்தையும் சொல்கிறது, ஏற்றத்தையும் சொல்கிறது? இதைப் புரிந்துகொண்டால் முடுக்கமானியின் குறைகள் எல்லாம் எங்கிருந்து வருகின்றன என்பதும் புரியும், அதன் பெரிய பலமும் புரியும்.

வேல் பின்னால் சாய்ந்திருக்கிறது. வண்டி முடுக்குவதால் சாய்ந்திருக்கலாம். வண்டி ஏற்றத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பதாலும் சாய்ந்திருக்கலாம். சன்னலை மூடி, வெளியே பார்க்காமல், வேலின் சாய்வை மட்டும் பார்த்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது. எவ்வளவு விலை உயர்ந்த கருவியானாலும் சரி, உள்ளே இருக்கும் ஓர் எடையின் அசைவை மட்டும் நம்பினால் இதைப் பிரித்தறிய வழியே இல்லை. ஐன்ஸ்டீன் 1907-இல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்தபோது பிடித்துக்கொண்ட இழை இதுதான். ஈர்ப்பையும் முடுக்கத்தையும் உள்ளிருந்து பிரித்தறிய முடியாது என்ற இடத்திலிருந்துதான் அவர் பொதுச் சார்பியலுக்குப் போனார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, டேஷ்போர்டு வரை போனால் போதும்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். முடுக்கமானி எண்ணைக் காட்டும் ஆப் ஏதாவது ஒன்றைத் திறந்து போனை மேசையில் படுக்க வையுங்கள். நீளவாக்கு எண் பூஜ்யத்தின் பக்கத்தில் நிற்கும். இப்போது ஒரு முனைக்கு அடியில் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகுங்கள். ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் உயரம், கிட்டத்தட்ட ஒரு டிகிரி சாய்வு. கண்ணுக்கு எதுவும் தெரியாது. திரையில் 0.017 ஜி-க்குச் சற்றுக் கூடுதலாகக் காட்டும். மேசை எங்கும் போகவில்லை, போனும் போகவில்லை. ஆனால் கருவியைப் பொறுத்தவரை அது முடுக்கிக்கொண்டிருக்கிறது.

0.017 என்பது சின்ன எண்ணாகத் தோன்றும். தோன்ற விடக்கூடாது. ஏனென்றால் இந்தக் கருவிக்கு வேகம் தெரியாது. முடுக்கம் மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு நொடித்துளியிலும் கிடைக்கும் முடுக்கத்தைக் கூட்டிக் கூட்டித்தான் வேகத்தைக் கண்டுபிடிக்கிறது, அந்த வேகத்தை மறுபடியும் கூட்டித் தூரத்தைக் கண்டுபிடிக்கிறது. தட்டு ஏற்கெனவே கொஞ்சம் இறங்கியிருக்கும் தராசில் நாள் முழுக்க நிறுத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு நிறுவையிலும் தவறு சின்னதுதான், சாயங்காலம் கணக்குப் பார்க்கும்போது மூட்டைக் கணக்கில் இடிக்கும். ஒரு டிகிரி சாய்வு 10 விநாடியில் மணிக்கு 6 கி.மீ. பொய் வேகத்தைச் சேர்த்துவிடும். தூரத்தில் இன்னும் மோசம், நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும்.

ஆகவே கருவியைப் பொருத்தும்போது எதில் கவனம் வேண்டும், எதில் வேண்டாம் என்பதும் தெளிவாகிறது. போன் வண்டியின் நேர்க்கோட்டில் இல்லாமல் இடமாகவோ வலமாகவோ 5 டிகிரி திரும்பியிருக்கிறதா? பரவாயில்லை, நேர்ப் பாதையில் அதனால் வரும் பிழை அரை சதவீதத்துக்கும் குறைவு. அதே 5 டிகிரி மேல்கீழாகச் சாய்ந்திருந்தால் 0.087 ஜி. அது ஹேட்ச்பேக் முடுக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஈர்ப்பு எந்தத் திசையில் காத்துக்கொண்டிருக்கிறதோ அந்தத் திசையில்தான் ஆபத்து.

இதற்கு மருந்து, புறப்படும் முன் ஜீரோ செய்வது. எடை போடும் இயந்திரத்தில் காலிப் பாத்திரத்தை வைத்து ஜீரோ செய்வது போல, வண்டி நிற்கும்போது கருவி காட்டும் எண்ணைக் கழித்துவிட வேண்டும். போன் சாய்ந்திருந்த பிழை, சென்சாருக்குள்ளேயே இருக்கும் பிறவிப் பிழை இரண்டும் ஒன்றாகக் கழிந்துவிடும். சாலை முழுக்க ஒரே சரிவில் இருந்தால், வேகக் கணக்கில் அந்தச் சரிவும் கழிந்துவிடும். ஆனால் சாலைகள் அப்படி இருப்பதில்லை. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சாலையை நாம் சமதரை என்றுதான் சொல்வோம். நின்ற இடம் தட்டையாகவும் ஓடிய இடம் அப்படிச் சரிந்தும் இருந்தால் 12 விநாடியில் 4 கி.மீ. பிழை சேரும். அப்புறம் வெயில். மலிவான சென்சார்களின் ஜீரோ, வெப்பம் ஏற ஏற நகரும். கண்ணாடிக்கு அடியில் காயும் போனில் காலையில் செய்த ஜீரோவை மதியம் நம்பக்கூடாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் புதிதாகச் செய்ய வேண்டும்.

ஜீரோ செய்தும் தீராத ஒன்று இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் கார் பின்பக்கம் அமுங்கி மூக்கைத் தூக்குகிறது. டேஷ்போர்டும் கூடவே தூக்கிக்கொள்கிறது. நாணயம் செருகிய அதே சோதனைதான், இந்த முறை சஸ்பென்ஷன் செருகுகிறது. சாதாரணக் கார்களில் 1 ஜி முடுக்கத்துக்கு இரண்டு, மூன்று டிகிரி என்ற வீதத்தில் உடல் சாயும் என்று கொண்டால், கருவி காட்டும் முடுக்கம் எப்போதும் 4 சதவீதம் போலக் கூடுதலாக இருக்கும். பிரேக் பிடிக்கும்போது மூக்கு அமுங்கும், அப்போதும் உண்மையைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். இரண்டு பக்கமும் நமக்குப் பிடித்த திசையிலேயே தவறுவதால் இந்தப் பிழையை யாரும் சந்தேகிப்பதில்லை. ஒரு நல்ல விஷயம், இது முடுக்கத்துக்கு ஏற்ப மாறும் விகிதப் பிழை. ஒரே காரை ஒரே காரோடு ஒப்பிடும்போது தொந்தரவு தராது. மெத்தென்ற சஸ்பென்ஷன் உள்ள காரை விறைப்பான காரோடு ஒப்பிட்டால் தரும்.

அதிர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சின் 3,000 ஆர்.பி.எம். வேகத்தில் நொடிக்கு 100 முறை எரிபொருளைப் பற்றவைக்கிறது. கருவியும் நொடிக்குச் சரியாக 100 முறை அளவெடுத்தால், ஒவ்வொரு முறையும் அதிர்வின் அதே புள்ளியில் கண் திறந்து கண் மூடும். சினிமாவில் வேகமாக ஓடும் வண்டியின் சக்கரம் நின்றது போலத் தெரியுமே, அது மாதிரி அந்த அதிர்வு நிலையான முடுக்கமாகத் தோன்றிவிடும். இதைத் தவிர்க்கத்தான் அளவெடுக்கும் முன்பே அதிர்வை வடிகட்டுகிறார்கள். டாப்லிக்குள் இருந்த திரவம் செய்தது அதே வேலை. ஏசி வென்ட்டில் மாட்டும் ஸ்டாண்டில் போனை வைத்து அளப்பவர்கள் அந்த ஸ்டாண்டின் ஆட்டத்தைத்தான் பாதி அளக்கிறார்கள். இரட்டைப் பக்க டேப் போட்டு டேஷ்போர்டின் உறுதியான இடத்தில் படுக்க வைப்பது மேல்.

இவ்வளவு மலிவாக இந்தச் சென்சார் நம் கைக்கு வந்ததற்குக் காரணம் ஏர்பேக். மோதலை உணர, காந்தம் பிடித்து வைத்திருக்கும் எஃகு உருண்டையைக் குழாய்க்குள் போட்ட காலம் ஒன்று இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அனலாக் டிவைசஸ் நிறுவனம் ஏடிஎக்ஸ்எல்-50 என்ற முடுக்கமானி சிப்பைக் கொண்டுவந்தது. சிலிக்கானிலேயே செதுக்கிய நுண்ணிய எடை, சிலிக்கான் ஸ்பிரிங்குகளில் நிற்கிறது. அதன் ஓரங்களில் சீப்புப் பல் போன்ற விரல்கள், அவற்றுக்கு எதிரே நிலையான விரல்கள். எடை அசைந்தால் இடைவெளி மாறும், இடைவெளி மாறினால் மின்தேக்கம் (மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு) மாறும், அதை அளந்துதான் முடுக்கத்தைச் சொல்கிறது. அமெரிக்காவில் 1998 மாடல் கார்களிலிருந்து முன் இருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயமானது. கோடிக்கணக்கில் தேவை வந்ததும் விலை சரிந்தது. அதே பத்தாண்டில், முன்கண்ணாடியில் ஒட்டி சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் ஜி-டெக் ப்ரோ போன்ற கருவிகள் ஆர்வலர்கள் கைக்கு வந்தன. 2007-இல் வந்த முதல் ஐபோனில் திரையைத் திருப்ப இதே வகைச் சென்சார் இருந்தது. பிறகு எல்லாப் போனிலும் வந்துவிட்டது.

சரி, இதை வைத்து பூஜ்யத்திலிருந்து 100 கி.மீ. வரை எத்தனை விநாடி என்று அளக்கலாமா? அளக்கலாம். ஆனால் பத்தில் ஒரு விநாடி வித்தியாசத்துக்குச் சண்டை போடக்கூடாது. கருவி எப்போது கடிகாரத்தைத் தொடங்குகிறது என்பதிலேயே அந்த வித்தியாசம் போய்விடும். குறிப்பிட்ட முடுக்கத்தைத் தாண்டினால்தான் புறப்பட்டதாகக் கணக்கில் எடுக்கும் கருவிக்கு, கிளட்சை மெதுவாக விடும் ஆளின் முதல் அசைவு தெரியவே தெரியாது. நேர்கோட்டில் ஓடும் அமெரிக்க 'டிராக்' (drag) பந்தய வழக்கத்தில், கார் முதல் ஓர் அடி நகர்ந்த பிறகுதான் நேரம் தொடங்குகிறது. அரை ஜி-யில் புறப்படும் காருக்கு அந்த ஓர் அடி 0.35 விநாடி, அதற்குள் வேகம் 6 கி.மீ. ஆகியிருக்கும். டெஸ்லா தன் மாடல் எஸ் பிளெய்டுக்கு அறிவித்த 1.99 விநாடியும் அந்த ஓர் அடியைக் கழித்த கணக்கு, வேகமும் 60 மைல் வரைதான். அதையும் நம் ஊர்க் காரின் 100 கி.மீ. எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவது சரியில்லை.

ஸ்பீடோமீட்டரையும் ஸ்டாப்வாட்ச்சையும் வைத்து எடுக்கும் எண் இதைவிட மோசம். ஐ.நா. வாகன விதி எண் 39-இன்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, பத்து சதவீதமும் அதோடு 4 கி.மீ.-உம் வரை கூட்டிக் காட்டலாம். முள் 100-ஐத் தொடும்போது கார் உண்மையில் 90-ஐக்கூடத் தொடாமல் இருக்க இடம் உண்டு. வாகன இதழ்கள் சோதனைக்கு விபாக்ஸ் போன்ற ஜிபிஎஸ் கருவிகளைப் பயன்படுத்துவது இதனால்தான். செயற்கைக்கோள் சிக்னலின் அலைவெண் எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்து அவை வேகத்தை நேரடியாகக் கணிக்கின்றன. கூட்டல் கணக்கு இல்லை, ஆகவே பிழை சேர்ந்துகொண்டே போவதும் இல்லை. போனில் உள்ள ஜிபிஎஸ் பெரும்பாலும் நொடிக்கு ஒரு முறைதான் வேகம் சொல்லும். நல்ல ஆப்கள் அந்த வேகத்தைக் கொண்டு முடுக்கமானியின் நகர்வைத் திருத்தி, நடுவில் உள்ள இடைவெளியை முடுக்கமானியால் நிரப்புகின்றன.

ஜிபிஎஸ் இல்லாமலும் ஒரு சரிபார்ப்பு உண்டு. வேகமெடுத்து முடித்ததும் பதிவை நிறுத்தாதீர்கள். அப்படியே பிரேக் பிடித்து வண்டி முழுதாக நிற்கும் வரை ஓட விடுங்கள். நின்ற பிறகு வேகம் பூஜ்யம் என்பது நமக்குத் தெரியும். கருவியின் கூட்டல் கணக்கு மணிக்கு 5 கி.மீ. என்று காட்டினால், அதுதான் மொத்தப் பிழை. அதை ஓட்டம் முழுக்கச் சமமாகப் பிரித்துக் கழித்துவிடலாம். எதிர்த் திசையிலும் ஒரு முறை ஓட்டிச் சராசரி எடுத்தால் சரிவும் காற்றும் பெருமளவு அடிபட்டுப்போகும். இதெல்லாம் ஆள் நடமாட்டம் இல்லாத மூடிய பாதையில் செய்ய வேண்டிய வேலை. இருங்காட்டுக்கோட்டை மாதிரியான பந்தயத் தடங்கள் இருப்பது அதற்குத்தான். பைபாஸில் வேண்டாம்.

என்னைக் கேட்டால், இந்தக் கருவியை 0–100 அளக்கப் பயன்படுத்துவது அதன் பலவீனமான பக்கத்தைப் பிடித்துத் தொங்குவது. வேகத்தைக் கேட்டால் தடுமாறும், விசையைக் கேட்டால் நேராகப் பதில் சொல்லும். ஏற்றத்தில் போகும் காரை யோசித்துப் பாருங்கள். கருவி காட்டும் எண், உண்மையான முடுக்கமும் சரிவின் பங்கும் சேர்ந்தது. எஞ்சினும் அந்த இரண்டுக்காகத்தான் உழைக்கிறது. சமதரையில் ஜீரோ செய்த கருவியாக இருந்தால், வேகக் கணக்கில் பிழையாக இருந்த அதே சரிவு, இழுவைக் கணக்கில் சரியான விடையின் பகுதியாகிவிடுகிறது. டாப்லியை மேடுபள்ளமான பிரிட்டிஷ் சாலைகளில் பயன்படுத்த முடிந்ததன் ரகசியம் இது.

இதிலிருந்து குதிரைத்திறனும் கிடைக்கும். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் இரண்டாம் கியரில் 60 கி.மீ. வேகத்தைக் கடக்கும்போது கருவி 0.25 ஜி காட்டுகிறது என்று வையுங்கள். எடை, முடுக்கம், வேகம் மூன்றையும் பெருக்கினால் 49 கிலோவாட். இது காற்றும் டயரும் தின்றது போக மிஞ்சியது. தின்றது எவ்வளவு என்று அறிய, அதே வேகத்தில் நியூட்ரலில் உருள விட்டுப் பார்க்க வேண்டும். அப்போது வேகம் குறையும் அளவு 0.02 ஜி என்றால் இன்னொரு 4 கிலோவாட். ஆக மொத்தம் சக்கரத்தில் 53 கிலோவாட், ஏறக்குறைய 72 குதிரைத்திறன். எடையைத் தப்பாகப் போட்டால் எல்லாம் தப்பு. இரண்டு பேரைக் கணக்கில் விட்டுவிட்டால் பத்து சதவீதத்துக்கு மேல் போய்விடும். சக்கரங்களையும் ஃப்ளைவீலையும் சுழற்றுவதற்குப் போகும் விசை இதில் சேரவில்லை, அதனால் கீழ்க் கியர்களில் எண் சற்றுக் குறைவாகவே வரும்.

பிரேக்கில் இந்தக் கருவி அரசாங்க வேலையே பார்க்கிறது. பிரிட்டனில் வருடாவருடம் நடக்கும் எம்ஓடி என்ற வாகனத் தகுதிப் பரிசோதனையில், உருளை இயந்திரத்தில் ஏற்றிச் சோதிக்க முடியாத, நான்கு சக்கரமும் நிரந்தரமாக இயங்கும் கார்களுக்கு இதே வகைக் கருவியை வைத்துச் சாலையில் சோதிக்கிறார்கள். 2010 செப்டம்பருக்குப் பிந்தைய கார்களுக்குக் கால் பிரேக் 58 சதவீதம் காட்ட வேண்டும், அதாவது 0.58 ஜி. பிரேக் சோதனை சில விநாடியில் முடிந்துவிடுவதால் கூட்டல் பிழைக்கு நேரமே இல்லை. எண்ணின் பொருளும் உடனே புரியும். 60 கி.மீ. வேகத்தில் 0.8 ஜி பிடிக்கும் பிரேக் 18 மீட்டரில் நிறுத்தும். 0.5 ஜி என்றால் 28 மீட்டர்.

இப்போது பட்டறைக்குத் திரும்பலாம். வண்டி நன்றாக இருக்கும் நாளிலேயே இரண்டு எண்களை எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது. ஒன்று, மூன்றாம் கியரில் 50 கி.மீ. வேகத்தைக் கடக்கும்போது முழு மிதியில் கிடைக்கும் இழுவை. இன்னொன்று, நியூட்ரலில் உருளும்போது வேகம் குறையும் அளவு. முதலாவது 0.15, இரண்டாவது 0.02 என்று குறித்து வைத்திருக்கிறோம். ஆறு மாதம் கழித்து வண்டி இழுக்கவில்லை என்று தோன்றும் நாளில், அதே சாலையில், அதே ஆட்களோடு, டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு மறுபடி எடுக்கிறோம். முழு மிதியில் 0.135, உருளும்போது 0.035. இரண்டையும் கூட்டினால் அன்றும் 0.17, இன்றும் 0.17. எஞ்சின் தருவதில் குறைவே இல்லை, அண்ணன் சொன்னது சரி. வண்டிக்குக் கிடைப்பது குறைந்திருக்கிறது, தம்பி சொன்னதும் சரி. பிளக்கையும் ஃபில்டரையும் மாற்றுவதற்கு முன்னால் நான்கு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். எதில் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அது சுற்றாது.